உஷார்! இருட்டறையில் வெறுங்கை வேண்டாம்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பிலிம் கேமரா திரும்பி வந்துவிட்டது. கடைவீட்டு மாடியிலும் அடுக்குமாடிக் குளியலறையிலும் சன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்துவிட்டு இளைஞர்கள் தாங்களே பிலிம் கழுவுகிறார்கள், பிரிண்ட் போடுகிறார்கள். அருமையான கலை, வரட்டும். ஆனால் கையுறை இல்லாமல் ட்ரேக்குள் விரலை விட்டுத் தாளைப் புரட்டுகிறார்களே, அதை இன்றே நிறுத்துங்கள்!

கறுப்பு வெள்ளை டெவலப்பர்கள் பலவற்றில் மெட்டோல் என்ற ரசாயனம் இருக்கிறது. கோடாக்கின் டி-76, இல்ஃபோர்டின் ஐடி-11 இரண்டிலும் மெட்டோலும் ஹைட்ரோகுயினோனும்தான் படத்தை எழுப்புகின்றன. மெட்டோல் கரைசல் தோலில் பட்டவுடன் சுடாது, எரியாது. அதனாலேயே ஆளை ஏமாற்றிவிடும். மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாதது போலிருக்கும். பிறகு ஒரு நாள் விரலிடுக்கில் அரிப்பெடுக்கும். தோல் சிவந்து, கொப்புளம் கிளம்பி, வெடித்து நீர் வடியும். உடம்பு அதை ஒருமுறை பகையாக எடுத்துக்கொண்டுவிட்டால் அதன்பின் ஒரு துளி பட்டாலும் போதும், மறுபடி கிளம்பிவிடும். களிம்பு தடவினால் புண் ஆறும், ஒவ்வாமை போகாது. இதனால் இருட்டறைப் பக்கமே போக முடியாமல் தொழிலை விட்டவர்கள் உண்டு. ஹைட்ரோகுயினோன் தூள் கண்ணில் படிந்துகொண்டே இருந்தால் கருவிழி நிறம் மாறிப் பார்வை கெடும். அதனால் தூளைக் கரைக்கும்போது முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். மெட்டோல் இல்லாத டெவலப்பர்களும் கிடைக்கின்றன. கோடாக்கின் எக்ஸ்டால் வைட்டமின் சி வகையைச் சேர்ந்தது, தோலுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டும். அதற்கும் நைட்ரில் கையுறை வேண்டும். தாளை இடுக்கியால் எடுங்கள்.

அடுத்த ட்ரேயில், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத். நீர்த்த நிலையில் அது புளிக்காடி மணம்தான் வீசும். போத்தலில் வரும் அடர் அசிட்டிக் அமிலமோ தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது.

மூன்றாவது ட்ரேயில் இருக்கும், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போதான் மூச்சுக்கு எமன். அமிலம் சேர்ந்த ஹைப்போவிலிருந்து கந்தக டைஆக்சைடு வாயு கிளம்பும். ஸ்டாப் பாத்தை வடியவிடாமல் தாளை அப்படியே உள்ளே போட்டால் இன்னும் அதிகமாகக் கிளம்பும். இழுப்பு நோய் உள்ளவர்களுக்கு இதன் சிறு அளவே மூச்சை அடைத்துவிடும். மருத்துவமனைகளில் எக்ஸ்ரே பிலிம் கழுவியவர்களைக் கேட்டால் தெரியும். 1980களில் நியூசிலாந்தில் எக்ஸ்ரே பிரிவு ஊழியர்கள் தலைவலி, தொண்டை எரிச்சல், மூச்சிரைப்பு, நெஞ்சுப் படபடப்பு என்று முறையிட்டபோதுதான் ‘இருட்டறை நோய்’ என்ற பேச்சே பரவியது. காற்று வெளியேறாத அறைகளில் நாள் முழுக்க நின்றவர்கள் அவர்கள்.

நம் ஊரில் ஆபத்து இன்னும் கூடுதல். இந்தக் கரைசல்களுக்கு 20 டிகிரி வெப்பம் போதும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறது. பினாங்கில் குழாய்த்தண்ணீரே அதைவிடச் சூடு. கரைசல் சூடாக இருந்தால் ஆவியும் அதிகம். வெக்கை தாங்காமல் ஏர்கோனைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். சுவரில் மாட்டிய ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டுவராது. உள்ளே இருக்கும் அதே காற்றைக் குளிர்வித்து, அதே வாயுவை நம் முகத்தில் திருப்பி அடிக்கும். ட்ரே மட்டத்திலிருந்து காற்றை வெளியே தள்ளும் விசிறி இல்லாத அறையில் பிரிண்ட் போடாதீர்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த அறைக்குள் வரவே வேண்டாம்.

பினாங்குக்கும் நம் ஆட்களுக்கும் இந்த ரசாயனத்தோடு பழைய தொடர்பு உண்டு. ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் புகைப்படக்காரர் 1860களின் தொடக்கத்தில் இங்கே சில மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். பிரிண்ட் போடவும் உதவி செய்யவும் மதராஸ்காரர் இருவரைப் பழக்கிக்கொண்டதாக 1875-ல் வந்த தம் நூலில் அவரே எழுதியிருக்கிறார். அவர்களுடைய பெயரை அவர் எழுதவில்லை. அந்தக் காலத்து வேலையில் தோலைக் கறுக்கவைக்கும் வெள்ளி நைட்ரேட் இருந்தது, ஈதர் ஆவி இருந்தது. பொட்டாசியம் சயனைடைக் கொண்டு படத்தை நிலைநிறுத்திய ஸ்டூடியோக்களும் உலகெங்கும் இருந்தன. அதனால் உயிரிழந்தவர்களும் உண்டு. கையுறை என்ற பேச்சே இல்லாத காலம் அது. இன்று ஒரு ஜோடி கையுறை ஒரு வேளைத் தேநீர்க் காசுக்குள் கிடைக்கிறது. போடாமல் இருக்க என்ன காரணம் சொல்வோம்?

டோனிங், பழைய பாணிப் பிரிண்ட் என்று இறங்குபவர்களுக்கு இன்னும் கடுமையாகச் சொல்கிறேன். செபியா டோனரில் உள்ள சோடியம் சல்ஃபைடுடன் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அது ஆளைக் கொல்லும் வாயு. சிவப்புப் படிகமாக வரும் பொட்டாசியம் ஃபெரிசயனைடு தன்போக்கில் அவ்வளவு கொடியதல்ல, ஆனால் அடர் அமிலமோ கடும் சூடோ பட்டால் சயனைடு வாயுவை விடும். கம் பிரிண்டுக்கான ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்பது என் முடிவு.

வெளியே ஊற்றுவதிலும் கவனம் வேண்டும். பயன்படுத்திய ஹைப்போவில் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது; மீனுக்கும் பாசிக்கும் அது நஞ்சு. தெருவோரக் கால்வாயில் ஊற்றினால் நேராகக் கடலுக்குத்தான் போகும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் புகைப்பட ரசாயனக் கழிவுக்கென்றே எஸ்டபிள்யூ 423 என்று தனி எண் இருக்கிறது. தனிக் கலனில் சேர்த்துவைத்து, உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளர் வழியாகவே அகற்றுங்கள்.

இன்னொன்று, இதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. கலக்கிய டெவலப்பரை 100 ப்ளஸ் குளிர்பானப் போத்தலில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள்! தாகத்தோடு வரும் குழந்தை லேபிளைப் படித்துப் பார்க்காது.

கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மூச்சுத் திணறினால் 999-ஐ அழையுங்கள். தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் எண் 1-800-88-8099. இருட்டறைக் கதவில் இன்றே எழுதி ஒட்டுங்கள்.