தோலுக்குள் வந்த சுருதி

சென்ற வாரம் தவிலோடு நிறுத்தியிருந்தோம். தவிலுக்குக் குறிப்பிட்ட சுருதி என்று ஒன்று இல்லை; நாதசுரம் எந்தக் கட்டையில் ஒலித்தாலும் அது தன்போக்கில் முழங்கும். மிருதங்கமோ பாடகரின் ஆதார ஷட்ஜத்தோடு இழைந்தாலொழியக் கச்சேரி தொடங்குவதில்லை. இரண்டும் பலாமரம், இரண்டும் தோல். இருந்தும் ஒன்றுக்கு வாய்த்த சுருதி மற்றொன்றுக்கு ஏன் வாய்க்கவில்லை என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

வீணைத் தந்தியை மீட்டினால் மூல நாதத்தோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என்னும் கணக்கில் உபநாதங்களும் உடன்பிறக்கின்றன. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறுந்தோலிலோ அவை 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று உறவுமுறை தெரியாமல் பிறந்து, காதில் வெறும் சப்தமாக விழுகின்றன. மிருதங்கமும் தபலாவும் இவ்விதிக்கு விலக்கு என்பதைத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ பத்திரிகையிலும், பின்னர் 1934-இல் விரிவாகவும் எழுதினார். தோலின்மீது நுண்மணலைத் தூவி, அதிரும் இடத்தை விட்டு அசையாத கோடுகளில் மணல் ஒதுங்கும் கோலங்களைக் கொண்டே, முதல் ஐந்து நாதங்கள் தந்தியின் ஒழுங்கில் அமைவதை அவர் காட்டினார்.

காரணம் மிருதங்கத்தின் வலப்புறத் தோலாகிய வலந்தலையின் நடுவிலுள்ள கரணை. இரும்புச் சத்துள்ள கருங்கல்லைப் பொடித்துச் சலித்து, சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாக இட்டு, ஒவ்வொரு பூச்சையும் வழவழப்பான கல்லால் தேய்த்து உலர்த்தி, நடுவில் கனம் கூடி விளிம்பை நோக்கிக் குறைந்துவருமாறு அதை வளர்க்கிறார்கள். இடப்புறத் தொப்பிக்கோ கச்சேரிக்குமுன் ரவையைப் பிசைந்து அப்பி, முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவதே வழக்கம். கணிதம் அறியாமலே செய்தார்களே என்று சிலர் வியப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. காதால் கணக்குப் போட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாமே!

மேனாட்டார் வேறு வழியில் சென்றார்கள். டிம்பனியில் கரணை கிடையாது; செப்புக் கொப்பரையின்மேல் கட்டிய தோலை உள்ளும் புறமும் உள்ள காற்றின் பாரமே ஓரளவு ஒழுங்குக்குக் கொண்டுவர, வாசிப்பவரும் நட்டநடுவில் அடிக்காமல் விளிம்புக்குச் சற்று உள்ளே அடித்து, ஒவ்வாத நாதங்களை எழவிடாமல் செய்கிறார். பெத்தோவன் 1824-இல் அரங்கேறிய தம் ஒன்பதாம் சிம்பனியின் இரண்டாம் பகுதியில் இரு டிம்பனிகளை ஒரு ஸ்தாயி இடைவெளியில் அமைத்துத் தனித்து முழங்கவிட்ட இடம் கேட்கத்தக்கது. ஆயினும் உபநாதத் தூய்மையில் டிம்பனி மிருதங்கத்துக்கு நிகராகாது என்பதே என் அபிப்பிராயம்.

காதால் கணக்குப் போட்டவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலக்காடு மணி ஐயர் 1966-இல், மிருதங்க வித்வான்களில் முதல்வராகச் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்தின் பெயரைக் கேட்டறிந்த ரசிகர்கள் சிலரே. இது நியாயமன்று.

அடுத்த வாரம் மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களின் பேசும் முரசு. அக்குளில் இடுக்கி வாரை அழுத்தி வாசிக்கும் அதனைப் பற்றிப் படிக்குமுன், வாசகர்கள் நம்மூர் உடுக்கை ஒன்றை எடுத்து, அதன் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் தட்டிப் பார்த்து வைத்தால் உத்தமம்.