லயத்து மின்மானியும் கணினியின் தீர்ப்பும்

எல்ல, தெமோதரை மலைச்சரிவுகளில் ஆங்கிலேயர் காலத்து லயங்கள் இன்றும் நிற்கின்றன. கற்சுவர், தகரக் கூரை, ஒரே நிரையிற் பல குடும்பங்கள். நேரிற் காண்பவர் வறுமையை உடனே அறிவர். கணினி அறியுமா?

2023 ஜூலையில் இலங்கையில் ‘அஸ்வெசும’ நலன்புரித் திட்டம் தொடங்கிற்று. உதவிக்குரியோரைத் தெரிவதற்கு, கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகியவற்றைச் சார்ந்த 22 குறிகாட்டிகள் வகுக்கப்பட்டன. வீடு வீடாகத் திரட்டிய விடைகள் புள்ளிகளாயின. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, அடுத்த படியினருக்கு 8,500 ரூபா, சிலருக்கு ஒன்றுமில்லை என்பதை அப்புள்ளியே முடிவுசெய்தது.

நோக்கம் பழுதுடையதன்று. அரசியல்வாதியின் சிபாரிசில் உதவி போகிறதென்ற பழைய முறைப்பாட்டைப் பொறி தீர்க்கும் என்று நம்பியதில் நியாயம் உண்டு. ஆனால் பொறிக்கு இனமும் மொழியும் தெரியாதென்பதால் அது பக்கஞ்சாராது எனக் கொள்வது பிழை. பக்கச்சார்பு கேள்விக்குள்ளேயே குடியிருக்கலாம். மின்சாரப் பாவனை ஒரு குறிகாட்டி. பல குடும்பங்களுக்கு ஒரே மின்மானி இருக்கும் லயத்தில் அவ்வெண் யாருடையது? கற்சுவர் உறுதியான வீட்டுக்குச் சான்றாகலாம். வீடு தோட்டத்துக்குரியது என்பதைச் சுவர் சொல்லாது. ஊழியர் சேமலாப நிதி கழிக்கப்படுவதால் தொழிலாளி ஏட்டிலே நிலையான ஊதியக்காரர். கொழுந்து குறைந்த நாளில் அவருக்கு அரைப்பேர்தான் விழும் என்பதை அந்த ஏடு அறியாது. 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி நாட்டில் வறியோர் 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம்.

இது கணினியோடு பிறந்த வழக்கமுமன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த தோட்டங்களில் அச்சான்றுக்கு எங்கே போவது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர்.

அஸ்வெசும முதற் பட்டியல் வெளியானபின் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. பொறி பிழைக்கக்கூடும் என்பதை ஏற்று அவ்வழி திறந்துவைக்கப்பட்டது நன்றே. ஆனால் புள்ளி எங்கே கூடிற்று, எந்த விடையால் விலக்கு நேர்ந்தது என்று தெரியாதவர் எதை மறுத்து எழுதுவார்? பிரதேச செயலகத்துக்குப் போய் வரிசையில் நிற்கும் தொழிலாளிக்கு அன்றைக்குத் தோட்டத்திற் பேர் இல்லை.