விடாத தலைவலியும் ஒரு சொட்டு ரத்தமும்

கோடம்பாக்கத்தில் தலைவலி என்றால் யாரும் முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஆற்காடு சாலையில் மருந்துக் கடைக்குப் பஞ்சமில்லை, ஒரு மாத்திரை. கேட்கவில்லையா, பக்கத்துத் தெரு டாக்டர். "சைனஸா இருக்கும்" என்பார். இன்னும் விடவில்லையா, கண் பரிசோதனை, புதுக் கண்ணாடி. பெரும்பாலோருக்கு இந்தச் சுற்றுக்குள் தலைவலி போய்விடும். ஆனால் எச்.ஐ.வி. தொற்று முற்றிய ஒருவர் இப்படியே மூன்று வாரம் சுற்றினால், சுற்றி முடிப்பதற்குள் நினைவு தப்பிவிடக்கூடும். அவருடைய தலைவலிக்குக் காரணம் பலரும் கேள்விப்பட்டிராத ஒரு பூஞ்சையாக இருக்கலாம்.

அதன் பெயர் கிரிப்டோகாக்கஸ். மண்ணிலும் மக்கிய மரத்திலும் புறா எச்சத்திலும் இருக்கிறது. காற்றோடு நுரையீரலுக்குள் போகிறது. நம்மில் பலர் நமக்கே தெரியாமல் இதைச் சுவாசித்திருப்போம். உடலின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைத்துவிடும். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. அடுக்குமாடிகளில் புறாக்களை விரட்டியடிப்பதும் இதற்கு மருந்தல்ல. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர் புறா எச்சம் காய்ந்து கிடக்கும் மாடியைக் கூட்டிப் பெருக்காமல் இருந்தால் போதும்.

எதிர்ப்புச் சக்தியைச் சொல்லும் எண், ரத்தத்திலுள்ள சி.டி.4 அணுக்களின் அளவு. நல்ல உடல்நிலையில் அது 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே போனால் எச்.ஐ.வி. முற்றிய நிலை என்கிறது உலக சுகாதார அமைப்பு. பெரும்பாலும் 100க்குக் கீழே போகும்போதுதான் அடங்கிக் கிடந்த பூஞ்சை ரத்தத்தில் இறங்கி, மூளையின் உறைக்குள் குடியேறி மூளைக்காய்ச்சலை உண்டாக்குகிறது. தலைவலி, லேசான காய்ச்சல், வாந்தி, எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிவது, காது மந்தமாவது, பேச்சிலும் நடத்தையிலும் மாற்றம் என்று நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல ஏறும். மூளைக்காய்ச்சல் என்றதும் நாம் எதிர்பார்க்கும் கழுத்து இறுக்கம் பலருக்கு இருப்பதில்லை. பூஞ்சையை எதிர்த்து அழற்சியை உண்டாக்கக்கூட உடலில் தெம்பு இல்லை என்பதே காரணம். ஏமாந்து போவது நோயாளி மட்டுமல்ல, டாக்டரும்தான்.

சென்னைக்கு இந்த நோய் புதிதல்ல. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு. அவர் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர், ஆரம்ப காலத்தில் தி.நகர் ராமன் தெருவில் இயங்கியது. கோடம்பாக்கத்துக்கு மிகப் பக்கம். அந்த மையத்தின் டாக்டர் குமாரசாமியும் சகாக்களும் 594 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து 2003இல் வெளியிட்டார்கள். எய்ட்ஸ் நிலையைக் காட்டும் நோய்களில் முதலிடம் நுரையீரல் காசநோய்க்கு, 49 சதவீதம். கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் 5 சதவீதம். எண்ணிக்கையில் சிறியதுதான். ஆனால் வந்தவரில் பெரும்பாலோரை விட்டுவைக்காத நோய் இது. 2020ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கு சுமார் 1,52,000 பேருக்கு இது வந்ததாகவும், 1,12,000 பேர் இறந்ததாகவும் மதிப்பிடுகிறது. எய்ட்ஸ் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று.

இவ்வளவு உயிரைக் குடிக்கும் நோயைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளியது என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. பூஞ்சையைச் சுற்றி வழவழப்பான ஓர் உறை உண்டு. அதன் துணுக்குகள் உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கும். தலைவலி தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அவை ரத்தத்தில் தென்பட்டுவிடும். அவற்றைத் தேடும் சோதனைக்கு ஆன்டிஜென் சோதனை என்று பெயர். வீட்டில் கர்ப்பம் பார்க்கும் அட்டையைப் போன்ற ஒரு பட்டை. ஒரு சொட்டு ரத்தம். பத்து நிமிடத்தில் கோடு தெரியும். பெரிய ஆய்வகம் தேவையில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டியிலும் சி.டி.4 குறைந்தவர்களுக்கு இந்தச் சோதனை இடம்பெற்றிருக்கிறது. நோய் மூளைக்குப் போவதற்கு முன்பே ரத்தத்தில் பிடித்துவிட்டால், ஃபுளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரையாலேயே பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

ஆனால் சி.டி.4 பார்த்தால்தானே அது 100க்குக் கீழே இருப்பது தெரியும்? 2017 முதல் இந்தியாவில் எச்.ஐ.வி. உறுதியானால் சி.டி.4 எவ்வளவாக இருந்தாலும் வைரஸை அடக்கும் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) தொடங்கப்படுகிறது. இது மிக நல்ல முடிவு. ஆனால் மருந்து தொடங்க அந்த எண் தேவையில்லை என்றானதும், அந்த எண்ணே தேவையில்லை என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. புதிதாக வருபவருக்கும், மருந்தை நிறுத்திவிட்டுத் திரும்பி வருபவருக்கும் சி.டி.4 பார்த்தே ஆக வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

சோதனையில் கோடு தெரிந்து, தலைவலியும் இருந்தால் அடுத்தது, பூஞ்சை மூளைக்குப் போய்விட்டதா என்று பார்க்க முதுகில் நீர் எடுப்பது. நம் ஊரில் சிகிச்சை பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். "முதுகுல தண்ணி எடுத்தா கால் விளங்காமப் போயிடும்" என்று யாராவது சொந்தக்காரர் சொல்லுவார். கையெழுத்துப் போடாமல் குடும்பம் நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடும். ஊசி இறங்கும் இடம் இடுப்புக்குச் சற்று மேலே. தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி நுழைவது நீருக்குள்தான், தண்டுவடத்துக்குள் அல்ல. உடலின் ஒரு பக்கம் பலவீனமாக இருந்தாலோ வலிப்பு வந்திருந்தாலோ முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அப்படி ஏதும் இல்லாதவருக்கு இது பொதுவாக ஆபத்தானதல்ல.

ஆபத்து, எடுக்காமல் விடுவதில்தான். பூஞ்சையும் அதன் உறைத் துணுக்குகளும் மூளைநீர் வடியும் வழியை அடைத்துக்கொள்கின்றன. நீர் சேரச் சேர மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. பார்வை போவதும் உயிர் போவதும் இதனால்தான். இந்த அழுத்தத்தைக் குழாய் வைத்து, நீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்று அளப்பார்கள். 20 வரை கவலையில்லை. 25ஐத் தாண்டினால் நீரை வடிக்க வேண்டும். மறுநாளும் ஏறினால் மறுநாளும். வடித்த சிறிது நேரத்திலேயே நாட்கணக்கில் துடித்த தலைவலி தணிவது உண்டு. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஓர் ஆய்வின் நோயாளிகளைப் பார்த்தபோது, ஆரம்ப நாட்களில் ஒரு முறையாவது இப்படி நீர் வடிக்கப்பட்டவர்களிடம் இறப்பு மற்றவர்களைவிட 69 சதவீதம் குறைவாக இருந்தது. அழுத்தத்தைக் குறைக்கும் என்று நம்பிக் கொடுக்கப்படும் மானிடால் போன்ற மருந்துகளால் இந்த நோயில் பயனில்லை. ஊசியே மருந்து.

மருந்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பெயர் நம் வாசகர்களுக்குப் பழக்கமானது: ஆம்ஃபோடெரிசின். 2021இல் கொரோனாவை அடுத்துக் கருப்புப் பூஞ்சை பரவியபோது, ஊர் ஊராகத் தேடியும் கிடைக்காமல் குடும்பங்கள் தவித்த அதே ஊசி. பழைய வகை சிறுநீரகத்தைப் பாதிக்கும், பொட்டாசியத்தை இறக்கிவிடும், ரத்தசோகையைக் கொண்டுவரும். இரண்டு வாரம் தினமும் ஏற்ற வேண்டியிருந்தது. கொழுப்புத் துளிகளில் பொதிந்த லிபோசோமல் வகை உடலுக்கு மென்மையானது, விலையும் அதிகம். போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த 'ஆம்பிஷன்' ஆய்வு, இந்த லிபோசோமல் வகையை எடைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு முறை ஏற்றி, கூடவே ஃபுளூசைட்டோசின், ஃபுளூகோனசோல் மாத்திரைகளை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தது. பத்து வாரத்தில் இறப்பு 24.8 சதவீதம், பழைய வகையை ஒரு வாரம் தினமும் ஏற்றிய முறையில் 28.7. ஒரே ஊசி பழைய முறைக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. பக்க விளைவுகளும் குறைவு. 2022இல் உலக சுகாதார அமைப்பு இதையே முதல் தேர்வாக அறிவித்தது.

இதில் ஃபுளூசைட்டோசின் 1957இல் உருவான பழைய மருந்து. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இந்திய நிறுவனங்களால் தயாரிக்க முடிகிற மருந்து. ஆனாலும் நெடுநாள் இந்திய நோயாளிகளுக்கு அது எட்டாமலேயே இருந்தது. ஏழை நோயாளிகளுக்கான மருந்தில் லாபமில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இந்த மூன்று மருந்துகளும் தீராமல் இருக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு ஃபுளூகோனசோல் மட்டும், எட்டு வாரம் 800 மில்லிகிராம். அதன் பின் 200, எதிர்ப்புச் சக்தி மீளும்வரை. மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும். தலைவலி போய்விட்டது என்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

இரண்டு அவசரங்கள் ஆளையே கொன்றுவிடும். ஒன்று, கூட்டு மருந்தை உடனே தொடங்குவது. மற்ற நேரங்களில் அன்றே தொடங்குவதுதான் சரி. இந்த நோயில் மட்டும் நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும். திடீரென்று விழித்துக்கொள்ளும் எதிர்ப்புச் சக்தி மூளைக்குள் கடும் அழற்சியைக் கிளப்பிவிடும். 2014இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரத்துக்குள் கூட்டு மருந்து தொடங்கியவர்களில் 45 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் இறந்தார்கள். ஐந்து வாரம் பொறுத்தவர்களில் 30 சதவீதம். இன்னொன்று ஸ்டீராய்டு. நம் ஊரில் காசநோய் மூளைக்காய்ச்சல் அதிகம். அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். சோதிக்காமல் காசநோய் என்று முடிவுகட்டினால், பூஞ்சை நோயாளிக்கும் ஸ்டீராய்டு போய்ச் சேரும். அது இந்த நோயில் தீங்கு என்று தெரிந்ததால் 2016இல் வெளியான ஓர் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

கோடம்பாக்கத்துக்காரருக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. வாசலிலேயே மின்சார ரயில். கடற்கரை போகும் ரயிலில் ஏறிப் பார்க் நிலையத்தில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. எதிர்ப்பக்கம் ஏறினால் தாம்பரம் சானடோரியம். 1928இல் காசநோய்க்காகத் தொடங்கி, 2004 ஏப்ரலில் நாட்டில் இலவசக் கூட்டு மருந்து அறிமுகமானபோது முதல் மையங்களில் ஒன்றான அரசு நெஞ்சக மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. தூரம் தடையல்ல. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயம்தான் தடை. அந்தப் பயத்தில் மாதாந்திர மருந்தை விட்டவர்கள்தான் முற்றிய நிலையில் திரும்பி வருகிறார்கள். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது. வேலையிலும் சிகிச்சையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ எச்.ஐ.வி. இருந்து, தலைவலி ஒரு வாரத்துக்கு மேல் விடவில்லை என்றால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். நேராக ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போங்கள். சி.டி.4 பார்த்தீர்களா, கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பார்த்தீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றால் சம்மதியுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் கேட்கலாம். 1097 என்ற கட்டணமில்லா எண்ணையும் அழைக்கலாம்.