செந்தூலில் கால்நடை மருத்துவரைத் தேர்ந்தெடுக்குமுன்

மலேசியாவில் விலங்குகளுக்கு மருத்துவம் பார்ப்பவர், 1974ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருப்பதோடு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தொழில் நடத்தும் சான்றிதழையும் வைத்திருக்க வேண்டும். செந்தூலில் நாயோ பூனையோ வளர்க்கும் குடும்பம், கிளினிக்கின் தூரத்தையும் கட்டணத்தையும் விசாரிப்பதற்கு முன்பே கேட்டறிய வேண்டியது இந்தச் சான்றிதழைப் பற்றித்தான். ஏனெனில், சிகிச்சை தவறிப்போன பின் கிடைக்கும் சட்ட நிவாரணம் பலரும் எண்ணியிருப்பதைவிடக் குறுகியது.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளாலோ ஒழுங்கற்ற சேவையாலோ பாதிக்கப்பட்டவர் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரி, வழக்கறிஞர் இல்லாமலேயே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாட வழிசெய்கிறது. எனினும், எழுத்துவடிவச் சட்டத்தால் நெறிப்படுத்தப்படும் தொழில்முறையாளரின் சேவையை அதன் 2ஆம் பிரிவு விலக்கி வைத்திருப்பதால், செல்லப்பிராணியைக் குளிப்பாட்டி முடிவெட்டும் கடையில் நேர்ந்த காயத்துக்கு அங்கே முறையிடலாமே தவிர, பதிவு பெற்ற மருத்துவரின் அறுவை சிகிச்சையில் நேர்ந்த பிழைக்கு அந்தக் கதவு திறவாது. தொழில் ஒழுக்கக்கேடு குறித்து மருத்துவ மன்றத்திடம் எழுத்துமூலம் புகார் செய்யலாம். ஆனால் அம்மன்றத்தின் வேலை மருத்துவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதே ஆகையால், இழப்பீடு வேண்டுவோர் நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள், 5,000 ரிங்கிட்டுக்கு மிகாத தொகையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையில் கேட்க இடமளிக்கின்றன.

எந்த வழியில் சென்றாலும் வழக்கைத் தாங்கி நிற்பது ஆவணமே. தடுப்பூசிப் புத்தகத்தில் ஊசிமருந்துப் புட்டியின் தொகுதி எண் கொண்ட ஒட்டுச்சீட்டு, போட்ட நாள், மருத்துவரின் கையொப்பம், முத்திரை ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேட்பதும், மயக்க மருந்தின் அபாயத்தையும், விலங்கு கண்விழிக்கும்வரை அருகிலிருந்து கவனிப்பவர் யார் என்பதையும் வினவுவதும் உரிமையாளரின் உரிமை. இக்கேள்விகளால் எரிச்சலடையும் கிளினிக்கைத் தவிர்ப்பதே நல்லது.

செலவுக்கு அஞ்சி வீட்டிலேயே மருந்து கொடுப்பது இன்னும் பெரிய ஆபத்து. மனிதர்கள் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையை முறித்துச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால், ஒரே மாத்திரையில் ஈறுகள் பழுப்பேறி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிப் பூனை இறந்துபோகலாம். 2017 ஜூலை முதல் நடப்பிலுள்ள 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும், தன் பொறுப்பிலுள்ள விலங்கை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பதை உரிமையாளரின் கடமையாக்கி, கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டுக்கு மிகாத சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது.

நள்ளிரவில் வலிப்பு கண்ட நாயைத் தூக்கிக்கொண்டு பூட்டிய கதவைத் தட்டும் நிலை வராமலிருக்க, இரவிலும் பார்க்கும் கிளினிக் எது என்பதை விலங்கு நலமாக இருக்கும்போதே விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணைத் தடுப்பூசிப் புத்தகத்தின் அட்டையில் குறித்து வையுங்கள்.