வான் சாரதிக்கு ஒரு கட்டில்

கலியாண அழைப்பிதழ் இப்போது வட்ஸ்அப்பில் வருகிறது. கூடவே ஒரு நீண்ட அட்டவணையும் வருகிறது: மருதாணி எந்த இரவு, நிக்காஹ் எத்தனை மணிக்கு, வலீமா எந்தக் கடற்கரை ஹோட்டலில், எந்த நாளைக்கு என்ன நிறத்தில் உடுப்பு. வடக்கிலிருந்து விரட்டப்பட்டு 1990க்குப் பிறகு புத்தளத்தில் வேர்விட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இன்று லண்டனிலும் பாரிஸிலும் டொரொன்டோவிலும் இருக்கிறார்கள். மாப்பிள்ளை அங்கே, பெண் புத்தளம் மாவட்டத்து வண்ணாத்திவில்லில் என்றால் கலியாணம் இங்கேதான். விருந்தாளிகளும் கடல் கடந்து வந்தாக வேண்டும். ஊர்க் கலியாணத்தோடு கடலும் காடும் சேர்ந்து கிடைப்பதால், உறவே இல்லாத வெள்ளைக்காரச் சிநேகிதர்களும் வருகிறார்கள்.

அட்டவணையில் எல்லாம் இருக்கிறது. உங்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றிவரும் வான் சாரதி எப்போது, எங்கே நித்திரை கொள்வார் என்பது மட்டும் இல்லை.

கணக்குப் பார்ப்போம். வளைகுடா வழியாக வரும் விமானங்களில் பல, கட்டுநாயக்கவில் நடுச்சாமத்துக்கு முன்பின்னாக இறங்குகின்றன. பகல் முழுக்க பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய அதே வான் பின்னேரம் புத்தளத்திலிருந்து கிளம்புகிறது. விமானம் சுணங்கினால் சாரதி வாகனத் தரிப்பிடத்தில் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கிறார். குடிவரவு வரிசை, பெட்டிகள், சிம் கார்ட், ‘மாமி எங்கே காணோம்’ என்ற தேடல் எல்லாம் முடிந்து வான் நகரும்போது மூன்று மணி. மனித உடம்பு தூக்கத்துக்கு மிக அதிகமாக ஏங்குகிற நேரமும் அதுதான். கண்டம் தாண்டி வந்தவர்கள் நீர்கொழும்பு தாண்டும் முன்பே குறட்டை விடுவார்கள். சாரதியோடு பேச்சுக் கொடுக்க ஒருவரும் விழித்திருக்க மாட்டார். சிலாபம் கழிந்தால் முந்தல், மதுரங்குளி என்று வீதி பெரும்பாலும் நேராக, ஒரே மாதிரி ஓடுகிறது. வளைவு உள்ள வீதி ஆளை விழிக்க வைக்கும், நேர்வீதி தாலாட்டும்.

2025 மே 11ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்கு இரவோடு இரவாக ஓடிய பஸ், கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்ததில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். காரணத்தை விசாரிப்பது அதற்குரியவர்களின் வேலை. நான் பார்க்கச் சொல்வது நேரத்தை மட்டும்: விடிவதற்குச் சற்று முன்.

ஆகவே முதல் யோசனை: இறங்கிய இரவே வண்ணாத்திவில்லுக்குப் புறப்படாதீர்கள். கட்டுநாயக்கவுக்குப் பக்கத்திலேயே நீர்கொழும்பு இருக்கிறது. அங்குள்ள விடுதிகள் சாமத்தில் வந்து கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பழகிப்போனவை. விடிந்து, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால் கொழும்புப் பக்கம் தலைவைக்கவே தேவையில்லை. நீர்கொழும்பிலிருந்து புத்தளம் 100 கிலோமீற்றர் அளவுதான், வடக்கு நோக்கி ஒரே வீதி. சிலாபத்தில் இறங்கி நண்டு வாங்கலாம், முன்னேஸ்வரம் கோயிலை எட்டிப் பார்க்கலாம். மதியச் சாப்பாட்டுக்குக் கலியாண வீட்டில் இருப்பீர்கள். இரவில் நெரிசல் இல்லை, வெயில் இல்லை, ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதுவும் சரிதான், ஆனால் அந்த மிச்சமெல்லாம் சாரதியின் நித்திரையிலிருந்து பிடிக்கப்படுவது.

நானே ஓட்டுகிறேன் என்று கிளம்பும் இளைஞர்களுக்கு: உங்கள் நாட்டு லைசென்ஸ் மட்டும் இங்கே போதாது, உள்ளூர் அங்கீகாரம் எடுக்க வேண்டும். கனடாவிலும் பிரான்ஸிலும் வலப்பக்கம் ஓடிப் பழகிய கை, தூக்கக் கலக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

இனித் தங்குமிடம். இதில்தான் வரைபடம் ஏமாற்றும். வண்ணாத்திவில்லுக்கு நேரெதிரே, புத்தளம் கடல்நீரேரிக்கு அந்தப் பக்கம் கல்பிட்டி தெரிகிறது. பறவைக்கு அது கிட்டத்தான். வானுக்கு அப்படியில்லை. புத்தளம் நகருக்கு இறங்கி, பாலாவிச் சந்தியில் திரும்பி, நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டு தீபகற்பம் முழுவதையும் மேலே ஏற வேண்டும். ஒரு வழிக்கே 60 கிலோமீற்றர் அளவில் வரும். நிக்காஹ் வண்ணாத்திவில்லில், அறை கல்பிட்டியில் என்று இணையத்தில் படம் பார்த்துப் பதிவு செய்தவர்கள், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இந்தப் பாதையைப் போய்வர வேண்டும். அதையும் ஓட்டப்போவது அதே சாரதிதான்.

கல்பிட்டியில் தங்கத்தான் வேண்டுமென்றால் வலீமா நடக்கும் இரவுக்கு மட்டும் தங்குங்கள். மற்ற இரவுகளுக்குப் புத்தளம் நகரம் போதும். காட்டை விரும்புகிறவர்களுக்கு வில்பத்துவின் எழுவன்குளம் வாசல் பக்கம் சிறு விடுதிகள் இருக்கின்றன. நாட்காட்டியையும் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கைட்சர்ஃபிங் விளையாட்டுக்காரர்கள் கல்பிட்டி அறைகளைப் பிடித்துக்கொள்வார்கள். டொல்பின் பார்க்கும் கூட்டம் நவம்பருக்குப் பிறகு வரும். மார்ச்சிலும் ஓகஸ்டிலும் தலவில புனித அன்னம்மாள் திருவிழா என்றால் அந்த வீதியில் வாகனம் நகர்வதே பெரிது.

வீட்டில் தங்கச் சொன்னால் மறுக்காதீர்கள். அயல்வீட்டார் அறையைக் காலிசெய்து, புதுப் பாய் விரித்து, சஹன் என்ற ஒரே பெரிய தட்டில் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எந்த ஹோட்டலிலும் கிடைக்காத உபசாரம் அது. கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சவராக இருக்கும். குளிக்கலாம், குடிக்கப் போத்தல் தண்ணீர்தான். காசைப் புத்தளத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.டி.ஏ. எனும் பயண அனுமதியை இலங்கை அரசாங்கத்தின் சொந்தத் தளத்தில் எடுங்கள். அதைப்போலவே வேடம் போட்ட தளங்கள் மேலதிகமாகக் கறக்கும்.

மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து, அல்லது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எழுவன்குளத்திலிருந்து மறிச்சுக்கட்டி ஊடாக மன்னாருக்கு வில்பத்துக் காட்டுக்குள்ளால் ஒரு பாதை வரைபடத்தில் ஆசை காட்டும். வழக்கு வரை போன பாதை அது, அதை நம்பி வராதீர்கள். மதவாச்சி, அநுராதபுரம் சுற்றித்தான் வர வேண்டும். மன்னாரிலிருந்து தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அநுராதபுரம் – புத்தளம் வீதியில் கருவலகஸ்வெவப் பக்கம் அந்தி சாய்ந்தால் யானை இறங்கும். கறுப்பு வீதியில் கறுப்பு யானையை, தூங்கி வழியும் கண் எத்தனை அடி தூரத்தில் கண்டுபிடிக்கும்? இதே வீதியில்தான் 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் மழையில் கலா ஓயா பெருக்கெடுத்து, பயணிகள் நிறைந்த பஸ்ஸொன்று வெள்ளத்தில் மாட்டியது. வெளிநாட்டு விடுமுறையை நம்பிக் கலியாணம் குறிக்கப்படும் டிசம்பர், இங்கே வடகீழ்ப் பருவமழையின் மாதம். மழை நாளில் பயணத்தை ஒத்திப்போடத் தயங்காதீர்கள்.

திரும்பவும் சாரதியிடம் வருகிறேன். கலியாண வீட்டில் நாற்பது விருந்தாளிகளுக்கும் படுக்கை போட்டுவிடுவார்கள். சாரதி வானின் பின்சீற்றை மடக்கி, கதவைத் திறந்து வைத்து, நுளம்புக்கு இரத்த தானம் செய்துகொண்டு படுத்திருப்பார். அதிகாலை மூன்று மணிக்கு யாரோ மச்சானை ஏற்றிவர அவரைத் தட்டி எழுப்புவார்கள். ‘நித்திரை வருதா நானா?’ என்று ஓடும் வானில் கேட்டுப் பிரயோசனமில்லை, ‘சே, இல்ல’ என்றுதான் சொல்வார். கூலி அதில் தங்கியிருக்கிறது. ஏறும் முன்பே வேறு மாதிரிக் கேளுங்கள்: ‘நானா, நேத்து ராவு எத்தன மணிக்குப் படுத்தீங்க?’ பதில் தடுமாறினால் பயணத்தைத் தள்ளுங்கள், அல்லது இரண்டாவது சாரதியைக் கேளுங்கள். இரண்டாம் ஆளின் கூலி மணமகள் சேலையின் ஓரச் சரிகைக்குக்கூடக் காணாது.

வருகிற இரவைவிடப் போகிற இரவு மோசம். வலீமாச் சாப்பாடு பத்து மணிக்கு முடிகிறது, விமானம் விடியப்புறம். வயிறு நிறைய புரியாணியோடு சாரதியும் சேர்ந்து கிளம்புகிறார். டிக்கட் எடுக்கும்போதே வலீமாவுக்கு அடுத்த நாளுக்கு அடுத்த நாள் எடுங்கள். இடைப்பட்ட பகலில் ஆறுதலாக நீர்கொழும்புக்கு இறங்கிவிடலாம். அங்கே அறை பதியும்போது காசு கட்டுவதற்கு முன் விடுதிக்காரரிடம் தொலைபேசியில் கேளுங்கள்: சாரதிக்கு அறை உண்டா, அதில் கட்டிலும் ஃபேனும் நுளம்பு வலையும் இருக்கிறதா, அல்லது சமையலறைக்குப் பின்னால் ஒரு வாங்குதானா? வாங்குதான் என்றால் வேறு விடுதி பாருங்கள்.