பீரோவில் இருக்க வேண்டிய இரண்டு காகிதங்கள்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பெண்களிடம் பேசினால் அடிக்கடி காதில் விழுவது இது: "பிரசவத்தப்பவே காப்பர் டி வச்சுட்டாங்களாம். எனக்கு ஸ்கேன் எடுத்தப்பதான் தெரியும்."

பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி வைப்பது நல்ல முறைதான். ஆனால் இடுப்பு வலியில் துடிப்பவளிடம் வாங்கும் கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயரில்லை. மாதாந்திரப் பரிசோதனையின்போதே வேண்டும், வேண்டாம் என்று செவிலியரிடம் சொல்லி, கர்ப்பகால அட்டையில் எழுத வையுங்கள்.

வைத்துக்கொண்டால் அதற்கான அட்டையைக் கேட்டு வாங்குங்கள்; அதுதான் முதல் காகிதம். வகை, வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். 380ஏ என்றால் 10 ஆண்டு, 375 என்றால் 5 ஆண்டு. அட்டை இல்லாமல் எந்த வகை என்று எப்படித் தெரியும்? இடையில் வேண்டாம் என்றாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்ப எந்த விதியும் இல்லை. குடும்பக் கட்டுப்பாடு (கு.க.) ஆபரேஷனுக்கும் கணவர் கையெழுத்து கட்டாயமில்லை.

இரண்டாவது காகிதம், கு.க. சான்றிதழ். ஆபரேஷன் ஆகி ஒரு மாதத்திலோ முதல் மாதவிலக்குக்குப் பிறகோ மறுபரிசோதனைக்குப் போனால்தான் அது கிடைக்கும். தையல் பிரித்ததோடு பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

ஆபரேஷன் அபூர்வமாகத் தவறும். நாள் தள்ளினால் 2 வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்ல வேண்டும் என்று நீங்கள் கையெழுத்திட்ட படிவத்திலேயே இருக்கிறது. "ஆபரேஷன்தான் பண்ணியாச்சே" என்று ஐந்தாம் மாதம்வரை காத்திருக்காதீர்கள். கருத்தடை தவறி உண்டான கருவை 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தோடு கலைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. 18 வயது நிரம்பியிருந்தால் உங்கள் சம்மதம் மட்டும் போதும்.

தவறிய ஆபரேஷனுக்கு அரசு இழப்பீடும் உண்டு. தெரியவந்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சம்மதப் படிவ நகல், கு.க. சான்றிதழ், ஸ்கேன் அறிக்கை இவற்றோடு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் மனுக் கொடுங்கள். "நாளைக்கு வா" என்று இழுத்தடித்தால் மாவட்டக் குடும்ப நலத் துணை இயக்குநர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் இருந்தால் 104 சுகாதார உதவி எண்ணை அழையுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: நாள் தள்ளினால் 2 வாரம், இழப்பீட்டுக்கு 90 நாள். இன்றைக்கே பீரோவைத் திறந்து பாருங்கள். காகிதம் இல்லையென்றால் நாளைக் காலை போய்க் கேளுங்கள்.