சிறு மோட்டார் வண்டியின் டயர்களும் அவற்றின் பராமரிப்பும்

மைசூருவினின்று நஞ்சன்கூடு, ஹுன்சூர் முதலிய தாலுகாக்களுக்குச் சுற்றுப்பயணம் செல்லும் களப்பணியாளருள்ளும், தொலைவிலுள்ள பள்ளிகளுக்குச் செல்லும் ஆசிரியருள்ளும் சிறு மோட்டார் வண்டி வைத்திருப்போர் பலர். இஞ்சினின் ஓசையில் சிறிது மாறுதல் தோன்றினும் இவர்கள் உடனே பட்டறையை நாடுவர். டயரையோ, பஞ்சர் ஆகும் வரையில் ஏறிட்டும் பாரார். இஞ்சின் பழுதுற்றால் பெரும்பாலும் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. ஓடும் வேகத்தில் டயர் வெடித்தாலோ வண்டியிலுள்ளோரின் உயிருக்கே அபாயம் நேரும். ஆகவே டயரின் இயல்பைச் சற்று அறிந்து கொள்வது அவசியமாகும்.

சுமையைத் தாங்குவது எது?

வண்டியின் எடையை ரப்பர் தாங்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது டயரினுள் அடைபட்ட காற்றேயாகும். நால்வர் அமர்ந்த சிறு வண்டியின் எடை ஏறத்தாழ 1,000 கிலோகிராம் எனக் கொள்வோம். சக்கரம் ஒன்றுக்கு 250 கிலோகிராம் வரும். காற்றழுத்தம் 30 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோகிராம் எனின், டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 119 சதுர சென்டிமீட்டராகும். இஃது ஓர் அஞ்சலட்டையின் அளவைவிடச் சற்றே குறைவு. பிரேக்கின் பிடிப்பும், திருப்பத்தில் வண்டியின் நிலைப்பும் இத்தகைய நான்கு துண்டுப் பரப்புகளையே சார்ந்துள்ளன. சமதரையில் நிற்கும் வண்டியின் டயரைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, வண்டியை நகர்த்தியபின் அப்பரப்பை அளக்குமாறு மாணவரை ஆசிரியர் ஏவலாம். அழுத்தம், விசை, பரப்பு ஆகியவற்றின் தொடர்பை விளக்க இதனினும் எளிய சோதனை அரிது.

காற்றடைத்த டயருக்கு 1845-ஆம் ஆண்டில் ராபர்ட் தாம்சன் என்பவர் உரிமைப்பட்டயம் பெற்றார். எனினும், 1888-ல் ஜான் டன்லப் அதனை மீண்டும் அமைத்த பின்னரே அது வழக்கில் பரவியது. மைசூரு நகருக்கும் இத்தொழில் புதியதன்று. விக்ராந்த் என்னும் பெயருடன் இங்கு இயங்கிய டயர் நிறுவனம் 1997-ல் ஜே.கே. டயர் நிறுவனத்தின் வசமாயிற்று.

குறைந்த காற்றும் மிகுந்த வெப்பமும்

கந்தகம், புகைக்கரி முதலியன சேர்ந்த ரப்பரும், நூலிழைப் படலங்களும், எஃகுக் கம்பிகளும் ஒன்றிணைந்ததே டயர். சக்கரம் சுழலுந்தோறும் தரையைத் தொடும் பகுதி நசுங்கி, மீண்டும் நிமிர்கிறது. 12 அங்குலச் சக்கரமுடைய சிறு வண்டி மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுங்கால், ஒவ்வொரு பகுதியும் விநாடிக்கு ஏறத்தாழ 15 முறை நசுங்கும். இதற்குச் செலவாகும் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிறது. காற்றுக் குறையின் நசுக்கம் மிகும், வெப்பமும் மிகும். அவ்வெப்பத்தால் ரப்பருக்கும் இழைகளுக்குமுள்ள பிணைப்புத் தளர்ந்து டயர் வெடிக்கக் கூடும். ஊருக்குள் மெதுவாக ஓடுகையில் இக்குறை வெளிப்படாது. 2023 மார்ச்சில் திறக்கப்பெற்ற பெங்களூரு-மைசூரு விரைவுச் சாலை போன்ற வழிகளில் நெடுநேரம் விரைந்து செல்லும்போதே அது வெளிப்படும். ஆதலின் நெடும் பிரயாணத்திற்கு முன் காற்றை அளப்பது இன்றியமையாதது.

அளக்கும் முறை

மாதம் ஒருமுறையேனும், வண்டி மூன்று மணி நேரமாவது ஓடாதிருந்த பின்னர், டயர் குளிர்ந்த நிலையில் அளத்தல் வேண்டும். உரிய அளவு ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள உச்ச அளவு இதற்கன்று. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருத்தல் இயல்பே. அது கண்டு காற்றை வெளியேற்றின், குளிர்ந்தபின் அளவு குறைந்துவிடும்.

உதகைக்குச் செல்வோர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. மைசூரு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 770 மீட்டர் உயரத்திலும், உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மேலே செல்லச் செல்ல வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், மானியில் 2 பவுண்டு அளவு கூடிக் காட்டும். ஆனால் குளிரால் டயரினுள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. வெப்பநிலை 10 பாகை குறையின் சுமார் ஒன்றரை பவுண்டு இறங்கும். இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், மலையேறுமுன் காற்றைக் குறைக்க வேண்டுவதில்லை.

தேய்மானம் கூறும் செய்தி

டயரின் இரு ஓரங்களும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறைவென்றும், நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருப்பின் காற்று மிகையென்றும், ஒரே ஓரம் தேய்ந்திருப்பின் சக்கர அலைன்மெண்ட் பிழையென்றும் கொள்ளலாம். பட்டறைகளில் பட்டன் என வழங்கும் வரிப்பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறையின் டயரை மாற்றிவிட வேண்டும். பள்ளங்களுக்கிடையே இதனைக் காட்டும் சிறு மேடுகள் உள்ளன. மழைக்காலத்தில் சாலைநீரை வெளியேற்றுவன இப்பள்ளங்களே. அவை மறைந்தால் வண்டி நீரின் மீது வழுக்கும். தேயாத டயரும் முதுமையுறும். பக்கவாட்டில் 2324 என நான்கு இலக்கங்கள் இருப்பின், அது 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டதென்பது பொருள். வெடிப்போ வீக்கமோ கண்ட டயரைப் பயன்படுத்தலாகாது.

ஸ்டெப்னியும் பிறவும்

ஸ்டெப்னியின் காற்றையும் மறவாது அளத்தல் வேண்டும். தேவைப்படும் வேளையில் அதுவும் காற்றின்றி இருப்பதைக் கண்டு வழியில் வருந்துவோர் பலர். சக்கரம் மாற்றுங்கால் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, நட்டுகளைச் சிறிது தளர்த்திய பின்னரே ஜாக்கியால் உயர்த்துக. ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் கீழ்ப் புகலாகாது. நட்டுகளை எதிரெதிராக முடுக்குக. காற்றை அளக்கும் நாளிலேயே இஞ்சின் எண்ணெய், பிரேக் எண்ணெய், ரேடியேட்டர் நீர் ஆகியவற்றையும் பார்ப்பது நலம். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது.

மேற்கூறியவற்றைச் செய்ய மாதத்தில் கால்மணி நேரமே போதும். ஒரு காற்றுமானியின் விலையும் சிறிதே. நான்கு அஞ்சலட்டை அளவுள்ள பரப்பின் மீதே நம் உயிரை ஒப்படைத்துச் செல்கிறோம் என்பதை நினைவிற் கொள்வோர் இக்கடமையில் தவறார்.